கல்யாணக் கூலி

மழை பொய்த்த ஆண்டில் கிராமத்துக் குடிசை வாசலுக்கு இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் வட்டிக்குப் பணம் கொடுத்தவர். இன்னொருவர் பஞ்சாலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜண்டு. முதல் ஆளைக் கண்டால் வீட்டுக்காரர் கொல்லைப்புறமாக நழுவிவிடுவார். இரண்டாவது ஆளுக்குப் பாய் விரிப்பார்கள். காரணம், அவர் கையில் இருக்கும் நோட்டீஸ். மூன்று வருஷம் வேலை, தங்குவதற்கு விடுதி, மூன்று வேளைச் சாப்பாடு. எல்லாம் முடிந்து பெண் வீடு திரும்பும்போது முப்பதாயிரமோ, நாற்பதாயிரமோ, ஐம்பதாயிரமோ மொத்தமாக ரொக்கம். மகளின் கல்யாணக் கவலை தீர்ந்தது!

1990-களின் கடைசியில் தொடங்கி, 2000-களில் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல், நாமக்கல், கரூர் வட்டாரத்துப் பஞ்சாலைகளில் பரவிய இந்த ஏற்பாட்டுக்கு முதலாளிமார் சூட்டிய பெயர் 'சுமங்கலித் திட்டம்'. சில ஆலைகளில் 'மாங்கல்யத் திட்டம்' என்றார்கள், சிலவற்றில் 'திருமகள் திருமணத் திட்டம்'. வழக்கில் நின்ற பெயர் வேறு. 'கேம்ப் கூலி' என்றார்கள். இத்தனை பெயர்களுள் உண்மை பேசியது அந்தக் கடைசிப் பெயர்தான்.

இன்று எந்த ஆலையும் 'சுமங்கலி' என்று போர்டு மாட்டுவதில்லை. உலகெங்கும் அந்தப் பெயர் நாறிவிட்டது. 2011-லும் 2014-லும் நெதர்லாந்து நாட்டு ஆய்வு அமைப்புகள் அறிக்கைகள் வெளியிட்டன, வெளிநாட்டுத் துணிக் கம்பெனிகள் கேள்வி கேட்டன, நோட்டீஸ்கள் கிழித்தெறியப்பட்டன. ஆகவே பழங்கதை என்று விட்டுவிடலாமா? விட முடியாது. விடுதிகள் அப்படியே நிற்கின்றன. கூலியைப் பிடித்து வைக்கும் வித்தை வேறு உடுப்பு மாட்டிக்கொண்டு உலவுகிறது. இந்தப் பத்திரிகையை வாசிக்கும் ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் இந்தக் கயிற்றின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பெண்ணை அனுப்புகிறவர் ஒருவர். அந்தப் பெண் வந்து நிற்கும் இடத்தில் முன்பு வேலை செய்தவர் மற்றவர். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அதனால்தான் எழுதுகிறோம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். கணக்கு என்றதும் பக்கத்தைத் திருப்ப வேண்டாம். முதலாளி கணக்குப் போட்டுத்தான் முதலாளி ஆனான். நாமும் ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்.

2008-இல் ஆலைக்குப் போன ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். நாளொன்றுக்கு 60 ரூபாய் கூலி, மூன்று வருஷம் முடிந்தால் 40,000 ரூபாய் என்று பேச்சு. மாதத்துக்கு 26 நாள் வீதம் 36 மாதத்துக்கு 936 நாள் வேலை. அந்த ஆண்டு நவம்பரில்தான் மாநில அரசாங்கம் பஞ்சாலைப் பயிற்சியாளருக்குக் குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 110 ரூபாய், அதற்குமேல் பஞ்சப்படி என்று நிர்ணயித்தது. பஞ்சப்படியை மறந்துவிடுவோம், முதலாளிக்குச் சலுகை காட்டியே கணக்குப் போடுவோம். நாளுக்கு 50 ரூபாய் குறைத்துக் கொடுத்தார்கள். 936 நாளைக்கு 46,800 ரூபாய் ஆகிறது. முடிவில் விழா வைத்து, மாலை போட்டு, போட்டோ பிடித்துக் கொடுத்தது 40,000. மிச்சம் 6,800 ரூபாய் எங்கே? சேமநல நிதிக்கு முதலாளி கட்ட வேண்டிய நூற்றுக்குப் பன்னிரண்டையும் சேர்த்தால் இன்னொரு 12,000-க்கு மேல் வரும். அது எங்கே?

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே பிள்ளையாரின் தேங்காயைப் பிள்ளையாருக்கே உடைத்து, அதிலும் ஒரு மூடியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, தருமவான் என்று பெயரும் வாங்கிக்கொண்டார்கள்.

கணக்கு இத்தோடு முடியவில்லை. மாதந்தோறும் 1,300 ரூபாய் அந்தப் பெண்ணின் பணம் ஆலையில் தங்குகிறது. முதல் மாதத்துப் பணம் 35 மாதம் தங்குகிறது. அடுத்த மாதத்துப் பணம் 34 மாதம். அவள் தகப்பனார் ஊரில் கடன் வாங்கினால் மூன்று வட்டி. அந்த வட்டியை அவள் பணத்துக்குப் போட்டால் மூன்று வருஷத்தில் வட்டி மட்டும் 24,000 ரூபாயைத் தாண்டுகிறது. 500 பெண்கள் உள்ள ஆலையை எடுத்துக்கொண்டால், மூன்றாம் ஆண்டு முடியும் தறுவாயில் முதலாளியிடம் தங்கியிருக்கும் தொகை 2 கோடியே 34 லட்சம் ரூபாய். பாங்கிக்குப் போனால் ஈடு கேட்பார்கள், ஜாமீன் கேட்பார்கள், வட்டி கேட்பார்கள். இந்த 500 பெண்கள் எதுவும் கேட்கவில்லை. பஞ்சு வாங்க, புது யந்திரம் போட, கதிர்களைப் பெருக்க வட்டியில்லாக் கடன் கொடுத்தவர்கள் இவர்கள். கூலி கொடுப்பவன் முதலாளி என்று ஊர் சொல்கிறது. கடன் கொடுத்தவள் தொழிலாளி என்று கணக்குச் சொல்கிறது.

முப்பதாவது மாதத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்து வீட்டுக்குப் போய்விட்டால்? தகப்பன் சாவுக்குப் போனவள் திரும்பத் தாமதித்தால்? மேஸ்திரியின் கை நீளம் பொறுக்காமல் வெளியேறினால்? ஒப்பந்தம் முறிந்தது, மொத்தத் தொகை கிடையாது என்று பல ஆலைகளில் கைவிரித்தார்கள். நாம் போட்ட கணக்கில் அன்றைய தேதிக்கு அவளுடைய பணம் 39,000 ரூபாய் உள்ளே இருக்கிறது. அது அப்படியே போயிற்று.

தஞ்சைப் பக்கத்து முதியவர்களுக்கு இது புதுக் கதையாகத் தோன்றாது. பண்ணையாள் முறை எப்படி வந்தது? கல்யாணத்துக்காக மிராசுதாரிடம் வாங்கிய கடன்தான் பல குடும்பங்களைப் பண்ணையில் கட்டிப் போட்டது. தாலி கட்டிய கையோடு புருஷனும் பெண்டாட்டியும் பண்ணைக்கு ஆள். பிறகு பிள்ளையும் ஆள். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் சும்மா வரவில்லை. சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராக விவசாயத் தொழிலாளிகள் சங்கம் கட்டி நின்றதன் பின்னால் வந்தன. அந்தப் பண்ணையில்கூட முதலில் பணம் கைக்கு வந்தது, பிறகு உழைப்பு. பஞ்சாலையில் முதலில் உழைப்பு, பிறகு பணம், அதுவும் வந்தால்தான். மிராசுதாரையும் மிஞ்சிய கெட்டிக்காரத்தனம் இது! கடன் கொடுக்காமலே அடிமையைப் பிடிக்கும் வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

1982-இல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பில் தெளிவாகச் சொன்னது: குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவரிடம் வேலை வாங்கினால் அது கட்டாய உழைப்பு, அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு அதைத் தடை செய்கிறது. டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்குக் கட்டடம் கட்டிய கூலிகளின் வழக்கு அது. தீர்ப்பு இருக்கிறது. ஆலைக் கேட்டுக்கு உள்ளே அது எத்தனை தூரம் நுழைந்தது?

சரி, இந்தப் பெண்கள் ஏன் போகிறார்கள்? பசி என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அது பாதிப் பதில்தான். பசிக்குப் போகிறவர் வாரக்கூலி கேட்பார். மூன்று வருஷம் காத்திருக்க மாட்டார். மூன்று வருஷம் காத்திருந்து மொத்தமாக வாங்கச் சம்மதிக்க வைப்பது பவுன். மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் பவுன். நிலத்தில் கிடைக்காத வேலை பெண்ணை வெளியே தள்ளுகிறது. வரதட்சணை அவளை ஆலை விடுதிக்குள் இழுக்கிறது. தள்ளுவது பொருளாதாரம், இழுப்பது சமுதாய வழக்கம். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக் காசாக்கியவன் முதலாளி. வரதட்சணை ஒரு சமூகப் பிரச்னை, அதை மாதர் சங்கம் பார்த்துக்கொள்ளும், நாம் கூலியைப் பார்ப்போம் என்று பேசும் தோழர்கள் உண்டு. பஞ்சாலை முதலாளிக்கு அந்தப் பாகுபாடு தெரியவில்லை. வரதட்சணை என்ற வழக்கம் இல்லாவிட்டால் இத்தனை மலிவான கூலி தனக்குக் கிடைக்காது என்று அவன் சரியாகக் கண்டுகொண்டான்.

இந்த வழக்கம் நம் உழைப்பாளிக் குடும்பங்களுக்கு என்றைக்கும் இருந்ததா? இல்லை. நடவு நடும், களை பறிக்கும், கதிர் அறுக்கும் சாதிகள் பலவற்றில் பரிசம் போட்டுத்தான் பெண் எடுத்தார்கள். பெண்ணைப் பெற்றவருக்கு மாப்பிள்ளை வீட்டார் கொடுத்தார்கள். பெண்ணை விலை பேசும் அந்தப் பழக்கத்தை நாம் புகழ வரவில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வருகிறவள் ஓர் உழைப்பாளி, அவள் கைகளுக்கு மதிப்புண்டு என்று அந்த வழக்கம் ஒப்புக்கொண்டது. ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறைக்குள் அது தலைகீழாகிவிட்டது. மாதச் சம்பளக்காரன் எவ்வளவு கேட்டான் என்பது மாடு மேய்த்தவன் காதுக்கும் எட்டிற்று. மேல்சாதி வீட்டு வழக்கம் கௌரவம் என்று குடிசைக்குள் நுழைந்தது. இன்று அதே கைகள் முன்னைவிட அதிகம் உழைக்கின்றன; அந்தக் கைகளை ஏற்றுக்கொள்வதற்கு விலை கேட்கிறார்கள்! கேட்டது கிடைக்காவிட்டால் நேர்வது என்ன? 2022-ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 6,000-க்கு மேற்பட்ட வரதட்சணைச் சாவுகளைப் போலீஸ் ஏடுகளே பதிவு செய்துள்ளன.

பவுன் கணக்கையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2008-இல் 40,000 ரூபாய்க்கு ஏறத்தாழ நான்கு பவுன் வாங்கலாம். அந்த நான்கு பவுனை மனத்தில் வைத்துத்தான் பெண் விடுதிக்குப் போனாள். 2011 கடைசியில் அவள் வெளியே வந்தபோது அதே பணத்துக்கு இரண்டு பவுன்தான் கிடைத்தது. 2025-இல் பவுன் விலை 70,000 ரூபாயையும் தாண்டிவிட்டது. இரவு ஷிப்டில் கண் விழித்து ரிங் பிரேமில் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டிருந்த வேளையில், அவள் தாலிக்கொடி பாதியாகத் தேய்ந்துகொண்டிருந்தது. அதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆலைத் தொழிலாளித் தோழர்கள் இந்த இடத்தில் சற்றுக் கூர்ந்து கவனிக்க வேண்டும். முதலாளிகளுக்குத் திடீரென்று ஏழைப் பெண்களின் மாங்கல்யத்தின் மீது கருணை பிறந்தது எப்படி? கோவையில் முதல் பஞ்சாலை 1888-இல் வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. உள்ளே போனவர்கள் சும்மா இருக்கவில்லை. சங்கம் வைத்தார்கள், பஞ்சப்படி வாங்கினார்கள், போனஸ் வாங்கினார்கள், நிரந்தர வேலை என்ற உரிமையை வாங்கினார்கள். 1980-களிலும் 1990-களிலும் பழைய பெரிய ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. புதிய நூற்பாலைகள் நகரத்தையும் சங்கக் கொடிக்கம்பத்தையும் விட்டு விலகி, வேடசந்தூர் போன்ற கிராமப்புறங்களில் எழும்பின. அங்கே முதலாளிக்கு எப்படிப்பட்ட ஆள் தேவை? கேட்டில் நின்று கோஷம் போடாத ஆள். மூன்று வருஷத்தில் தானாக வெளியேறிவிடும் ஆள். இருபத்துநாலு மணி நேரமும் ஆலை வளாகத்துக்குள்ளேயே கிடைக்கும் ஆள். பதினாறு, பதினெட்டு வயதுப் பெண்ணைவிடப் பொருத்தமான ஆள் உண்டா?

சட்டமும் வழிவிட்டது. 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-இல் தமிழ்நாட்டில் சட்டம் செய்தார்கள். கேம்ப் கூலிப் பெண் 936 நாள் வேலை செய்தாள். அவள் ஏன் நிரந்தரமாகவில்லை? ஏனென்றால் அவள் 'பயிற்சியாளர்'. 1961-ஆம் ஆண்டுப் பயிற்சியாளர் சட்டப்படி பயிற்சி பெறுகிறவர் தொழிலாளி அல்ல. சில மாதங்களில் கைக்கு வந்துவிடும் வேலைக்கு மூன்று வருஷப் பயிற்சியாம்! டாக்டருக்குப் படிப்பதற்கே ஐந்தரை வருஷம்தான். அந்தச் சட்டப்படி முறையாகப் பதிவு செய்தார்களா என்றால், பல இடங்களில் அதுவும் இல்லை. இதில் ஒரு வேடிக்கை: வரதட்சணைத் தடைச் சட்டம் வந்ததும் அதே 1961-இல்தான். ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு சட்டங்கள். ஒன்றை மீறுவதற்காகப் பெண் பணம் சேர்க்கிறாள். மற்றொன்றின் பெயரைச் சொல்லி அவளுக்குக் கூலி குறைகிறது.

இரவு வேலை விஷயமும் அப்படியே. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களை இரவு ஷிப்டில் வேலை வாங்கத் தடை விதித்திருந்தது. 2000 டிசம்பரில் சென்னை ஹைகோர்ட் அந்தத் தடையைச் செல்லாது என்றது. பெண்ணுக்குச் சம உரிமை என்பது அதற்குச் சொன்ன நியாயம். சம உரிமையை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் இரவில் சம வேலை கொடுத்தவர்கள் பகலில் சம கூலி கொடுத்தார்களா? 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் பெண்ணின் சம்மதத்தோடு இரவு வேலை வாங்கலாம் என்று இருக்கிறது. சம்மதம்! விடுதிக் கதவு வெளியே பூட்டியிருக்க, வார்டன் கையில் பட்டியல் இருக்க, மூன்று வருஷத்துப் பணம் ஆபீஸில் இருக்க, அந்தப் பெண் எந்த வாயால் சம்மதம் இல்லை என்று சொல்லுவாள்?

முதலாளிமார் தரப்பில் ஒரு வாதம் சொல்லுகிறார்கள். பட்டினி கிடந்த வீட்டுப் பெண்ணுக்குச் சோறு போட்டோம், தலைக்கு மேல் கூரை கொடுத்தோம், பெற்றவர்கள்தான் கெஞ்சிச் சேர்த்தார்கள், இந்த ஆலைகள் இல்லாவிட்டால் அந்தக் குடும்பங்கள் என்ன செய்யும் என்கிறார்கள். நாட்டின் நூற்புக் கதிர்களில் ஏறத்தாழப் பாதி தமிழ்நாட்டில் ஓடுகிறது, இதைக் கெடுத்தால் நாட்டின் முன்னேற்றமே கெடும் என்றும் பயமுறுத்துகிறார்கள்.

ஆலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கிராமத்துப் பெண் ஆலைக்குப் போவது நல்லது என்றே கருதுகிறோம். பண்ணையாரின் வரப்பிலிருந்து இறங்கி யந்திரத்தின் முன் நிற்பது ஒரு படி மேலேறுவதுதான். தன் சம்பளத்தைத் தன் கையில் வாங்கும் பெண் வீட்டில் பேசுவாள், ஊரில் பேசுவாள், சாதிக் கட்டை மீறியும் பேசுவாள். அதனால்தான் சம்பளத்தை அவள் கையில் கொடுப்பதில்லை! இந்த விடுதிகளில் கணிசமானவர்கள் தாழ்த்தப்பட்ட சாதிகளின் பெண்கள். ஊரில் தனிக் குடியிருப்பு. ஆலையில் பூட்டிய விடுதி. இடையில் பஸ் பயணம் ஒன்றுதான் அவர்கள் கண்ட வெளியுலகம்.

நாட்டின் முன்னேற்றத்தை எடுத்துக்கொள்வோம். நூல் ஏற்றுமதியாகிறது, டாலர் வருகிறது என்கிறார்கள். வருகிறது, உண்மை. 2023-24-ஆம் ஆண்டில் இந்தியா நூல், துணி, ஆடை எல்லாம் சேர்த்து ஏற்றுமதி செய்தது சுமார் 3,500 கோடி டாலர். அதே ஆண்டில் தங்கம் இறக்குமதிக்கு நாடு கொடுத்தது சுமார் 4,500 கோடி டாலர். கோடிக்கணக்கான கைகள் நூற்று, நெய்து, தைத்துச் சம்பாதித்த அந்நியச் செலாவணியைக் காட்டிலும் அதிகமானது தங்கக் கட்டியாகத் திரும்பி வந்து பெட்டிக்குள் உறங்குகிறது. அதில் பெரும் பங்கு பணக்காரர் பெட்டகத்துக்குப் போகிறது, ஏழையின் தாலிக்கொடி அதில் சிறு துளி என்பதை அறிவோம். ஆனால் அந்தச் சிறு துளிக்காக ஏழை கொடுக்கும் விலை என்ன? இரண்டு பவுனுக்காகப் பத்தாவதோடு படிப்பு நிற்கிறது. நர்ஸாகவோ, வாத்தியாராகவோ, யந்திரத்தைப் பழுது பார்க்கும் தொழில்நுட்பக்காரியாகவோ ஆகியிருக்க வேண்டியவள் பத்தொன்பது வயதில் கை ஓய்ந்து வீடு திரும்புகிறாள். கல்யாணத்துக்குப் பின் அந்த ஆலைக்கு அவள் வேண்டாதவள். கற்ற தொழிலும் போயிற்று, கற்காத படிப்பும் போயிற்று. இதைச் செல்வம் பெருகியது என்று எந்த ஏட்டில் எழுதுவார்கள்?

உடம்பும் ஒரு மூலதனம்தான். ஏழைக்கு உள்ள ஒரே மூலதனம். பஞ்சுத் தூசியைப் பல ஆண்டு சுவாசித்தால் பிசினோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரும் என்பது ஆலைக்காரர் எல்லாருக்கும் தெரிந்ததே. திங்கட்கிழமை காலை நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும் அந்த இருமலைப் பழைய தொழிலாளிகள் மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை என்று 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புக் கூறுகிறது. ரத்தமில்லாத உடம்பு இரவில் எட்டு மணி நேரம் நிற்கிறது. ஆடைத் தொழிற்சாலைகளிலோ, மாதவிலக்கு வலிக்கு லீவு கொடுப்பதற்குப் பதிலாகப் பெயர் ஒட்டாத மாத்திரையைக் கொடுத்து யந்திரத்தடிக்கு அனுப்புகிறார்கள் என்று 2019-இல் ஒரு சர்வதேசச் செய்தி நிறுவனம் சுமார் நூறு பெண்களிடம் விசாரித்து வெளியிட்டது. நாளைக்கு அந்தப் பெண் பெறும் குழந்தை எடை குறைந்து பிறந்தால், அந்த நஷ்டம் எந்த ஆலையின் இருப்புநிலைக் குறிப்பிலும் வராது. சர்க்கார் ஆஸ்பத்திரியின் ஏட்டில்தான் வரும். லாபம் அங்கே, நஷ்டம் இங்கே.

மாநில அரசாங்கம் என்ன செய்தது என்பதையும் பாராமல் விடக்கூடாது. 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவி தொடங்கிற்று. பின்னால் வந்த ஆட்சியில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. எட்டாவது, பத்தாவது படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையால் சில பெண்கள் பள்ளியில் நீடித்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வரதட்சணையைத் தடுக்க வேண்டிய சர்க்காரே கல்யாணத்துக்குத் தங்கம் நிறுத்துக் கொடுத்தது பொருத்தமில்லாத காட்சி. 2022-இல் அதை மாற்றி, சர்க்கார் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று செய்தார்கள். இது சரியான திருப்பம், வரவேற்கிறோம். ஆனால் மாதம் ஆயிரம் ரூபாயைக் கொண்டு, வேலையில்லாத வீட்டின் வாசலில் நிற்கும் ஏஜண்டைத் திருப்பி அனுப்ப முடியுமா? நிலத்தில் கூலியும், ஆண்டு முழுதும் வேலையும் இருந்தால்தான் அது முடியும்.

2008-இல் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியின் கதி என்ன? முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட்டில் நாள் கடந்தது. ஆலையில் நூல் ஓடியது. தாமதத்தின் ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு ஒவ்வொரு பெண்ணிடமிருந்தும் 50 ரூபாய். வக்கீல் பீஸ் கட்டுபடியாகாமலா போகும்?

இப்போது விடுதிகளில் பேசும் மொழி மாறி வருகிறது. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் பெண்களை ரயிலேற்றிக் கொண்டுவருகிறார்கள். மதுரைப் பக்கத்துப் பெண் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்பதே காரணம். வந்த பெண்களைப் பார்த்து, 'வடக்கத்தி ஆள் வந்து நம் கூலியைக் கெடுத்தான்' என்று ஆலை வாசலில் பேசுகிறார்கள். இருபது வருஷத்துக்கு முன் கிராமத்துப் பெண்களைப் பார்த்துக் கோவைத் தொழிலாளிகளில் சிலரும் இதையேதான் சொன்னார்கள். சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் நிரந்தர வேலை கைநழுவிப் போயிற்று. கூலியைக் கெடுப்பவர் வருகிறவர் அல்ல. வருகிறவருக்குக் குறைத்துக் கொடுப்பவர்தான்.

பூட்டிய கதவுக்குள் சங்கம் நுழைய முடியாது என்ற பேச்சும் பொய்யாகிவிட்டது. திண்டுக்கல் வட்டாரத்தில் 2021-இல் ஒரு பெண் தொழிலாளி கொலையுண்ட பிறகு, பெண்களே முன்னின்று நடத்தும் ஒரு சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தையும் அந்தத் துணியை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தது. மேற்பார்வையாளனின் அத்துமீறலைத் தொழிலாளிப் பெண்களே கண்காணிக்கவும், பயமின்றிப் புகார் செய்யவும் அதில் வழி செய்யப்பட்டது. பெரும்பாலும் தலித் பெண்கள் நிறைந்த சங்கம் அது. வயதிலும் அனுபவத்திலும் மூத்த சங்கங்கள் அதனிடம் பாடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆலைப் பெண்ணின் மானத்துக்காகத் தொழிலாளி வர்க்கம் விலை கொடுத்ததும் நமக்குப் புதிதல்ல. 1946 ஜனவரி 8-இல் கோவைச் சிறையில் தூக்கிலேறிய சின்னியம்பாளையத்துத் தொழிலாளர் நால்வரின் வழக்குக்கு வேராக இருந்தது ஓர் ஆலைப் பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமை.

அந்த நால்வரின் நினைவு நாளில் மாலை போடுகிற நம்மவர் சிலரிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோது எத்தனை பவுன் பேசினீர்கள்? 'நாங்கள் கேட்கவில்லை, அவர்களாகப் போட்டார்கள்' என்ற பதில் வேண்டாம். அதை எல்லாரும் சொல்லுகிறார்கள். பக்கத்து ஊர் விவசாயத் தொழிலாளி தன் மகளுக்குப் 'போட்ட' அந்தப் பவுன் எந்த ஆலையின் இரவு ஷிப்டிலிருந்து வந்தது என்று விசாரித்தீர்களா? சங்கத்துக்குச் சந்தாவும் கட்டி, சம்பந்தியிடம் பவுனும் வாங்கினால், ஒரு கையால் கட்டியதை மறு கையால் அவிழ்க்கிறோம்.

ஆகவே கிராமத்துச் சங்கங்களும் ஆலைச் சங்கங்களும் கூடிப் பேச வேண்டிய காரியங்கள் சில இருக்கின்றன. எந்த ஊரிலிருந்து எந்த ஆலைக்கு எத்தனை பெண்கள் போயிருக்கிறார்கள் என்ற பட்டியல் கிராமச் சங்கத்திடம் இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் ஆலைப் பகுதிச் சங்கத்துக்குப் போக வேண்டும். மொத்தத் தொகைப் பேச்சு எந்தப் பெயரில் வந்தாலும் ஏற்கக் கூடாது. கூலி மாதா மாதம், முழுதாக, அவள் பெயரிலுள்ள பாங்கிக் கணக்கில் விழ வேண்டும். பிடித்து வைத்த பழைய தொகைக்கு, பாதியில் வெளியேறியவர்களுக்கும் சேர்த்து, கணக்குக் கேட்டு லேபர் ஆபீஸில் மனுக் கொடுக்க வேண்டும். ஒடியாவிலும் இந்தியிலும் குறைந்தபட்சக் கூலி விவரத்தை அச்சடித்து, வார விடுமுறையில் கடைத்தெருவுக்கு வரும் விடுதிப் பெண்களிடம் கொடுக்க வேண்டும். வாலிபர்கள் பவுன் பேசாமல் கல்யாணம் செய்துகொள்வதை ஊரறியச் செய்ய வேண்டும்.

பெண்ணை ஆலைக்கு அனுப்பியிருக்கும் பெற்றோர் வருகிற மாதச் சம்பள நாளில் ஒரு காரியம் செய்யட்டும். ஆலைக்கு நேரில் போய் மகளைப் பார்த்து, சம்பளச் சீட்டை வாங்கிப் படித்துப் பார்க்கட்டும். படிக்கத் தெரியாவிட்டால் சங்கத்துத் தோழரைக் கூட்டிக்கொண்டு போகட்டும். சேமநல நிதிக்குப் பிடித்த தொகை எவ்வளவு, சாப்பாட்டுக்குப் பிடித்தது எவ்வளவு, பாங்கிப் பாஸ்புத்தகமும் ஏ.டி.எம். கார்டும் யார் கையில் இருக்கின்றன என்று கேட்கட்டும். வார்டனின் மேஜை டிராயரில் இருப்பதாகப் பதில் வந்தால், அங்கேயே நின்று வாங்கி மகளிடம் கொடுத்துவிட்டு ஊர் திரும்பட்டும்.